பஞ்சமி நிலம் கேட்டு மனு போடுகிறீர்களா? முன்னால் நிற்கும் ஆளை முதலில் காப்பாற்றுங்கள்

பல ஊர்களில் ஒரே தப்புதான் நடக்கிறது. படித்த பையன் ஒருவனை முன்னால் நிறுத்தி மனு, கேஸ், ஃபைல் எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிடுகிறோம். அவன் ஒருவனை மிரட்டினால் ஊரே அடங்கிவிடும் என்று நிலத்தை வளைத்தவருக்கு நன்றாகத் தெரியும். 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய நிலம் இது, முதல் பத்து வருடம் விற்கவே கூடாது, அப்புறமும் அந்த மக்களுக்குள் மட்டும்தான் கைமாறலாம். நிபந்தனை இவ்வளவு தெளிவாக இருந்தும், காரணை என்ற ஊரின் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிரை விட்டார்கள்.

சரி, காகிதத்தில் ஆரம்பியுங்கள். இப்போதைய பட்டாவில் வேறு பெயர் இருந்தால் மனம் தளர வேண்டாம். யு.டி.ஆர். என்ற நில ஆவணப் புதுப்பிப்புக்கு முந்தைய அ-பதிவேட்டின் (கிராமத்து நிலங்களின் விவரப் பதிவேடு) நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வெள்ளைத்தாளில் சர்வே எண்ணை எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். வந்ததும் ஓரத்தில் மங்கலாக ‘டி.சி.’ (ஒடுக்கப்பட்ட மக்கள் நிலம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றோ நிபந்தனை என்றோ எழுதியிருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள், அந்த இரண்டு எழுத்துக்காகத்தான் இவ்வளவு அலைச்சலும். நகலை மூன்று வீட்டில் வையுங்கள், ஒன்று வெளியூரில் இருக்கட்டும்.

மனுவில் கையெழுத்தை வரிசையாக வாங்காமல் வட்டமாக வாங்குங்கள், யார் முதல் ஆள் என்று பார்ப்பவருக்குத் தெரியாது. தாலுகா ஆபீசுக்கு ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்கள், குறைந்தது மூன்று பேராக, பெண்களும் சேர்ந்து போங்கள்.

மிரட்டல் வந்தால் அன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, நேரம், வண்டி நம்பர் எழுதுங்கள், சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியிருந்தால் அதே வார்த்தையில் எழுதுங்கள், கூச்சப்பட்டு மாற்றாதீர்கள். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகார் வந்தது என்பதற்கான வெறும் ரசீதை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். எஃப்.ஐ.ஆர். கேளுங்கள். பட்டியல் சாதியினரின் நிலத்தை மற்றவர் அபகரிப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எஃப்), (ஜி) பிரிவுகளில் குற்றம், கூலி வேலை தராமல் ஊர்விலக்கு வைப்பதும் அதே சட்டத்தில் குற்றம்தான். மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட்டில் புகார், கூடவே வன்கொடுமைப் புகாருக்கான உதவி எண் 14566-க்கு ஒரு போன். புகார் கொடுத்தவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புத் தர வேண்டும் என்று 15ஏ பிரிவு சொல்கிறது, அதையும் எழுத்திலேயே கேளுங்கள்.

ராத்திரியில் போலீஸ் யாரையாவது கூட்டிப்போனால் இரண்டு பேர் உடனே ஸ்டேஷன் வாசலுக்குப் போய் நிற்க வேண்டும். கைது என்றால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். இலவச வக்கீலுக்கு 15100. இன்னும் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போய், விடியும்வரை அவருடைய அம்மாவோடு திண்ணையில் உட்கார்ந்திருங்கள்.