சுவரில் மாட்டிய பழைய ஸ்டுடியோ படத்தைக் கணினியில் மீட்டெடுப்பது எப்படி?

தாத்தா பாட்டி கல்யாணத்துக்கு எடுத்த கருப்பு வெள்ளைப் படம் பல வீடுகளில் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும். நெகட்டிவ் எப்போதோ போயிருக்கும். அதனால் அசலின் மேல் கை வைக்காதீர்கள். எல்லா வேலையும் ஸ்கேன் செய்த கோப்பில் நடக்கட்டும். படத்துக்கு வந்த சேதத்தை நீக்கினால் போதும். ஆளின் மச்சம், அம்மைத் தழும்பு, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும்.

இங்கே சொல்லும் முறை கிம்ப் (GIMP) என்ற படத்திருத்த மென்பொருளுக்கானது. அது இலவசம், இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும்.

படி 1: பிரேமிலிருந்து எடுத்தல்

பின்பக்க ஆணிகளைக் குறட்டால் பிடுங்கி, அட்டையை மெல்லத் தூக்குங்கள். சந்தனமும் குங்குமமும் பெரும்பாலும் கண்ணாடியின் மேல்தான் இருக்கும். தூசியை மென்மையான பிரஷ், லென்ஸுக்குக் காற்றடிக்கும் ரப்பர் பந்து இவற்றால் மட்டும் நீக்குங்கள். ஈரத்துணியும் ஸ்பிரிட்டும் வேண்டாம். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரம் பட்டால் உப்பி உரிந்துவிடும்.

படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்கவே கூடாது. முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்துக் கேமராவில் எடுங்கள்: இரு பக்கமும் 45 பாகையில் விளக்கு, கேமராவுக்குப் பின்னால் கருப்புத் துணி. மெல்லிய, மலிவான ஸ்கேனர்களுக்குக் கண்ணாடியின் கனத்தைத் தாண்டிக் கூர்மை கிடைக்காது, படம் மங்கலாகவே வரும்.

படி 2: ஸ்கேன்

பாதி வேலை இதுதான். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), வண்ண முறை, டிஃப் (TIFF) கோப்பு. வசதி இருந்தால் 48 பிட் (நுண்ணிய நிற வேறுபாடுகளையும் பதியும் அமைப்பு). கருப்பு வெள்ளைப் படத்துக்கு எதற்கு வண்ணம் என்பதற்குக் காரணம் அடுத்த படியில் வருகிறது. ஸ்கேனரின் தானியங்கித் திருத்தம், தூசி நீக்கம், கூர்மையாக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். 4×6 அங்குலப் படம் 2400×3600 புள்ளிகளாக (பிக்சல்களாக) வரும். 300 டிபிஐயில் 8×12 அங்குலம் வரை பிரிண்ட் போடலாம். பாஸ்போர்ட் அளவுப் படமென்றால் 1200 வையுங்கள்.

தேன்கூடு போல் சொரசொரப்பான தாளில் போட்ட படமா? ஒரு முறை நேராகவும், ஒரு முறை 180 பாகை திருப்பியும் ஸ்கேன் செய்யுங்கள். இரண்டாவதை நிமிர்த்தி, முதலாவதின் மேல் லேயராக (தனி அடுக்காக) பொருத்தி, அடியிலிருப்பது பாதி தெரியும்படி 50 சதவீத ஒபாசிட்டி கொடுத்தால், எதிரெதிர்ப் பக்கம் விழுந்த நிழல்கள் ஒன்றையொன்று பெருமளவு தணித்துவிடும்.

படி 3: சரியான சேனலை எடுத்தல்

கலர்ஸ் மெனுவில் காம்பொனன்ட்ஸ், அதில் டீகம்போஸ். படம் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று லேயர்களாகப் பிரியும்; இவைதான் சேனல்கள். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். மஞ்சள், பழுப்புக் கறை நீலத்தில் கரிய திட்டாகத் தெரியும். சிவப்பில் ஏறக்குறைய காணாமல் போகும். நீல மை சிந்தியிருந்தால் நேர்மாறு, நீலச் சேனல்தான் தெளிவு. கருமையான இடங்களில் பூத்திருக்கும் நீலம் கலந்த வெள்ளி மினுக்கமும் சிவப்பில் ஓரளவு குறையும். தெளிவான லேயரை மட்டும் வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர டச்சப் வேலை இங்கேயே மிச்சம். கையால் வண்ணம் தீட்டிய படமென்றால் மட்டும் இந்தப் படியை விட்டுவிடுங்கள்.

படி 4: வெளிச்சம்

கலர்ஸ் மெனுவில் லெவல்ஸைத் திறந்தால் மங்கிய படத்தின் வெளிச்ச வரைபடம் நடுவில் குவிந்திருக்கும். இரு முனை முக்கோணங்களையும் குவியலின் விளிம்புக்கு நகர்த்துங்கள். விளிம்பைத் தாண்டினால் வேட்டி மடிப்பும் நகையின் வேலைப்பாடும் வெள்ளையாக அடித்துப்போகும். கறை நீக்கும் முன்பே இதைச் செய்ய வேண்டும். பின்னால் செய்தால், மறைந்திருந்த புள்ளிகளெல்லாம் புதிதாக எழும்பி வரும்.

படி 5: புள்ளி, கீறல், மடிப்பு

லேயரை நகலெடுத்து நகலில் வேலை செய்யுங்கள். காலி லேயரில் குளோன் கருவி (ஓரிடத்தை அப்படியே நகலெடுத்து வைப்பது) வேலை செய்யும், ஹீல் கருவி (சுற்றியுள்ள நிறத்தோடு கலந்து நிரப்புவது) சரியாக வராது. ஹீலுக்கு அந்த லேயரிலேயே படத்தின் பிக்சல்கள் தேவை. 100 சதவீத ஜூமில் இடது மேல் மூலையிலிருந்து வரிசை வரிசையாக நகருங்கள். பிரஷ் கறையைவிடச் சற்றே பெரிதாக இருக்கட்டும். ஹீல் கருவியை எடுத்து, கன்ட்ரோல் விசையோடு அருகிலுள்ள நல்ல இடத்தைக் கிளிக் செய்து மூலமாக்கி, கறையைத் தொடுங்கள். மூலத்தை அடிக்கடி மாற்றாவிட்டால் ஒரே திட்டு திரும்பத் திரும்ப வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆரம்பத்தில் எல்லோரும் சறுக்கும் இடம் விளிம்புகள். நெற்றியும் முடியும் சேரும் கோட்டில் ஹீல் வைத்தால் முடியின் கருமை நெற்றியில் ஈஷிக்கொள்ளும், ஏனென்றால் அந்தக் கருவி சுற்றியுள்ள நிறத்தைக் கலந்து நிரப்புகிறது. அங்கே குளோன் எடுங்கள். படத்தின் குறுக்கே ஓடும் மடிப்புக்கும் இதே வழி: முதலில் தாடை, சேலைக் கரை, நாற்காலிக் கை போன்ற கோடுகளைக் குளோனால் இணைத்துவிட்டு, மீதிப் பரப்பை ஹீலால் நிரப்புங்கள்.

படி 6: முகம்

கன்னத்தில் அகலமான ஈரக் கறை இருந்தால், அதை நேரடியாகத் தொட்டால் தோல் பிளாஸ்டிக் ஆகிவிடும். ஃபில்டர்ஸ் மெனுவில் என்ஹான்ஸ், அதில் வேவ்லெட் டீகம்போஸ். நுண்ணிய துகள்கள் ஸ்கேல் 1, 2 லேயர்களிலும், பரந்த கறை ரெசிடுவல் லேயரிலும் பிரிந்து நிற்கும். ரெசிடுவலில் மட்டும் ஹீல் செய்யுங்கள். சாம்பிள் மெர்ஜ்டு (எல்லா லேயர்களையும் சேர்த்து மூலமாக எடுக்கும் தேர்வு) அணைந்திருக்க வேண்டும். கறை போகும், தோலின் சொரசொரப்பு நிற்கும்.

ஒரு கண் செல்லரித்துப் போயிருந்தால் மறு கண்ணை நகலெடுத்துத் திருப்பி வைக்கலாம். ஆனால் கருவிழியில் இருக்கும் வெள்ளைப் புள்ளியைப் பாருங்கள். அது ஸ்டுடியோ விளக்கு. திருப்பியதும் அது எதிர்ப்பக்கம் போயிருக்கும். அழித்துவிட்டு, மறு கண்ணில் உள்ள பக்கத்திலேயே வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் பார்ப்பவருக்குக் காரணம் தெரியாமலே முகம் அந்நியமாகத் தோன்றும். இரு கண்களும் போயிருந்தால் அவருடைய வேறு படத்தைத் தேடுங்கள். ஏஐ செயலிகள் ஒரே நொடியில் கண்ணும் பல்லும் வரைந்து கொடுக்கும். அவை வேறு யாருடையதோ சாயலில் இருக்கும். பாட்டிக்கு அவருடைய கண்தான் வேண்டும்.

படி 7: சேமிப்பு

லேயர்களோடு கிம்பின் எக்ஸ்சிஎஃப் (XCF) கோப்பு ஒன்று, பிரிண்டுக்கு டிஃப் ஒன்று. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமெண்டாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். சுவரில் புது பிரிண்டை மாட்டி, கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவே அட்டைப் பட்டை கொடுங்கள். அசல் படம் அமிலமற்ற தாளுறையில், வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் இருக்கட்டும்.