வீட்டுக்காரருக்கு ஒரு காதல் பாட்டு: சுருதியை எங்கே பிடிப்பது?

பாட்டு வகுப்புப் பக்கமே போகாதவர்களுக்கான பதிவு இது. ஒரே ஒரு காதல் பாட்டு, அதிலும் பல்லவியும் ஒரு சரணமும் மட்டும். அவர் முன்னால் உட்கார்ந்து குரல் கிறீச்சிடாமல் பாடி முடித்தால் போதும். இரண்டாவது சரணத்தை விட்டுவிடுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

அவருக்குப் பிடித்த பாட்டாக இருந்தால் மட்டும் போதாது, உங்கள் மூச்சுக்குள் அடங்க வேண்டும். ஆள் எஸ்.பி.பி. ரசிகர் என்றால் கை நேராக 'கேளடி கண்மணி' (1990) படத்து 'மண்ணில் இந்தக் காதலன்றி'க்குத்தான் போகும். வேண்டாம். மூச்சு விடாமல் பாடியதாகப் பெயர் வாங்கிய அந்தச் சரணத்தில் ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தின் கைவேலையும் உண்டு என்று எஸ்.பி.பி.யே சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வரி முடிந்ததும் புல்லாங்குழலோ வயலினோ கொஞ்சம் இழுக்கிற மெல்லிய பாட்டாகப் பாருங்கள். அந்த இடைவெளியெல்லாம் நீங்கள் மூச்சு வாங்குகிற இடம்.

வரிகள்

இணையத்தில் கிடைக்கும் பாடல் வரிகளை அப்படியே நம்பாதீர்கள், பாதியில் பிழை இருக்கும். பாட்டைக் கேட்டுக் கேட்டுக் கையால் எழுதுங்கள். யூடியூபில் வேகத்தை 0.75 ஆக வைத்தால் பாடகர் எங்கே மூச்செடுக்கிறார் என்பது நன்றாகவே தெரியும். அங்கெல்லாம் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூச்சு அவ்வளவு தூரம் வராது என்றால் கூடுதலாகக் கோடு போடலாம், ஆனால் ஒரு சொல்லை நடுவில் உடைக்காதீர்கள்.

சுருதி

நான் நெடுநாள் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான். எல்லோரும் செய்வது இது: பல்லவியை வசதியான இடத்தில் ஆரம்பிப்பது. பல்லவி இனிமையாகப் போகும். சரணத்தில் ராகம் மேலே ஏறும்போது தொண்டை இறுகி, முகவாய் தானாக மேலே தூக்கி, கடைசியில் கத்தலாக முடியும். 'எனக்குக் குரல் இல்லை' என்று பாட்டையே விட்டுவிடுவார்கள். குரலில் ஒரு குறையும் இல்லை, ஆரம்பித்த இடம்தான் தவறு.

ஆண் பாடிய பாட்டைப் பெண் பாடினால் சிக்கல் இன்னும் அதிகம். சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஒலி, எவ்வளவு உயரம் என்பதைக் 'கட்டை' என்ற எண்ணால் சொல்வார்கள். பொதுவாக ஆண்களுக்கு ஒரு கட்டை, இரண்டு கட்டையை ஒட்டியும் பெண்களுக்கு ஐந்து, ஐந்தரையை ஒட்டியும் சுருதி அமையும். ஒலிநாடாவோடு சேர்ந்து பாடினால் ஒரு பக்கம் பாதாளம், இன்னொரு பக்கம் ஆகாயம்.

அதனால் பல்லவியை மறந்துவிட்டு, சரணத்தில் குரல் எட்டவேண்டிய உச்சமான வரியைக் கண்டுபிடியுங்கள். பக்கவாத்தியம் எதுவும் வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் உங்களுக்குச் சுகமான உயரத்தில் வாய் திறந்து பாடுங்கள். கழுத்து நரம்பு புடைத்தால் இன்னும் இறக்குங்கள். சுகமாக வந்ததும் நிறுத்தாமல் சரணத்தை முடித்துப் பல்லவிக்கு இறங்குங்கள். இப்போது பல்லவி நீங்கள் வழக்கமாகப் பாடுவதைவிடத் தாழ்வாக இருக்கும், குரல் கொஞ்சம் காற்றாகக்கூடப் போகும். போகட்டும். காதல் பாட்டில் கீழ் ஸ்தாயி காற்றோடு வந்தால் கேட்க அழகாகத்தான் இருக்கும். மேலே கத்தினால்தான் மானம் போகும்.

இதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிறகு கைபேசியில் சுருதியை விடாமல் ஒலிக்கும் தம்புராச் செயலி ஒன்றைத் திறந்து, பதிவை ஓடவிட்டுக்கொண்டே சுருதியை அரை அரைக் கட்டையாக நகர்த்துங்கள். மொத்தம் பன்னிரண்டு இடம்தான். பெரும்பாலானவற்றில் இரண்டும் உரசும். ஓரிடத்தில் உரசல் நின்று சேர்ந்துகொள்ளும். இரண்டு இடங்கள் சேர்வதுபோலத் தெரிந்தால், பாட்டு வந்து ஓய்கிற இடமும் தம்புராவின் ஸட்ஜமமும் ('ஸ', ஆதார சுரம்) எதில் ஒன்றாக இருக்கின்றன என்று பாருங்கள். அந்தக் கட்டையைத் தாளின் மேல் பெரிதாக எழுதுங்கள்.

கரோக்கியா, தம்புராவா?

என் ஓட்டு தம்புராவுக்கு. ஒரு கட்டைப் பாட்டின் கரோக்கியை ஐந்து கட்டைக்கு மாற்ற ஏழு அரைச்சுரம் (மேலே சொன்ன பன்னிரண்டில் ஏழு இடம்) ஏற்ற வேண்டும், அல்லது ஐந்து இறக்க வேண்டும். கணினியில் ஒலியைத் திருத்தும் ஆடாசிட்டி என்ற மென்பொருளில் வேகம் மாறாமல் இதைச் செய்யலாம். ஆனால் ஏற்றினால் வயலின் கொசுப்போல ரீங்கரிக்கும், இறக்கினால் எல்லாம் சேற்றில் விழுந்ததுபோல ஆகிவிடும். ஒன்றிரண்டு அரைச்சுரம் மாற்றினால் போதும் என்கிறவர்கள் தாராளமாகக் கரோக்கிக்குப் போங்கள். தம்புராவில் இன்னொரு வசதி, மூச்சுக்காக ஒரு நொடி அதிகம் நின்றாலும் அது காத்திருக்கும்.

கரோக்கிதான் வேண்டும் என்றால் ப்ளூடூத் இயர்போனைக் கழற்றி வையுங்கள். ஒலி தாமதமாக வரும், பதிவில் தாளம் பின்தங்கியே இருக்கும். வயர் உள்ள பழைய இயர்போன், அதுவும் ஒரு காதில் மட்டும். மறு காது உங்கள் குரலுக்கு.

பழகுவது

குளியலறையில் பழகாதீர்கள். எதிரொலி எல்லாக் குறையையும் மூடிவிடும். மெத்தை, திரைச்சீலை, துணிமணி நிறைந்த படுக்கையறைதான் உண்மையைச் சொல்லும். தினமும் பதிவு செய்யுங்கள், ஆனால் அன்றைக்கே கேட்காமல் மறுநாள் காலையில் கேளுங்கள். தன் குரலைப் பதிவில் கேட்டு முகம் சுளிக்காதவர்கள் கிடையாது. மண்டையோட்டு எலும்பின் வழியாக வரும் ஒலி அதில் இல்லாததால் மெலிந்து கேட்கிறது, அவ்வளவுதான்.

பாடும் நாளில் தம்புராவை மெதுவாக ஓடவிட்டே ஆரம்பியுங்கள். படபடப்பில் எவருக்கும் சுருதி ஏறிவிடும், பிறகு சரணத்தில் அனுபவிக்க வேண்டும். கண்ணைப் பார்த்துத்தான் பாட வேண்டும் என்று சட்டம் இல்லை. நான் ஜன்னலைப் பார்த்துப் பாடினேன்.

பின்சேர்க்கை 1: மாமியார் அடுத்த அறையில் தூங்குகிறார், சத்தமாகப் பழக முடியாது என்று ஒரு தோழி எழுதியிருந்தார். வாயை மூடி முனகியே ராகத்தை உறுதிப்படுத்திக்கொள்ளலாம். ஆனால் முனகலை வைத்துச் சுருதியை முடிவு செய்யாதீர்கள். மேல் வரியை ஒருமுறையாவது முழுக் குரலில் பாடிப் பார்க்க வேண்டும். மொட்டை மாடி, மூடிய கார், எதுவானாலும் சரி.

பின்சேர்க்கை 2: இன்னொருவரின் கணவர் தோஹாவில் இருக்கிறார், வீடியோ அழைப்பில் பாடினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறதாம். இணையம் நன்றாக இருந்தும் இப்படி ஆகிறது என்றால், அழைப்புச் செயலி தம்புராவை இரைச்சல் என்று நினைத்து வெட்டும்போது நீங்கள் இழுத்துப் பாடும் சுரத்தையும் சேர்த்து வெட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஜூம் என்றால் ஒலி அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று ஒன்று இருக்கும், அதை இயக்கிவிட்டுப் பாடுங்கள். வேறு செயலியில் பேசுகிறீர்கள் என்றால் தம்புராவை ஒரு காது இயர்போனில் நீங்கள் மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் சரிப்படாவிட்டால் பதிவு செய்து அனுப்பிவிட்டு, அவர் கேட்கும்போது அழைப்பில் இருங்கள்.