மொட்டைமாடியில் மீனும் கீரையும்: வெள்ளைக் கல்லால் நான் பட்ட பாட்டோடு ஒரு செய்முறை

மீன் தாங்கித் தண்ணீரைக் கல் நிரப்பிய பாத்திக்கு ஏற்றி இறக்கி, மீன் கழிவையே உரமாக்கிக் கீரை வளர்ப்பது எப்படி என்று நான் தேடிய காலத்தில் கையில் அகப்பட்டதெல்லாம் குளிர்நாட்டுக்காரர் எழுதியவை. கண்ணாடிக் கூடாரம் கட்டு, ஹீட்டர் போடு, தாங்கியைச் சுற்றி ரெஜிஃபோம் என்ற வெள்ளை நுரைத்தகடு ஒட்டு என்று ஒரே சூடேற்றும் கதை. அதை அப்படியே நம்பி, வெள்ளவத்தையில், கடற்கரைக்கு நாலு தெரு தள்ளியிருக்கும் மொட்டைமாடியில், ஒரு மார்ச் மாதம் நாலு பக்கமும் பொலித்தீனால் மூடிக் கூடாரம் போட்டேன். மறுநாள் மத்தியானம் உள்ளே 44 பாகை. புதினா நாற்றெல்லாம் சுண்டல் போட்ட கீரை மாதிரிக் கிடந்தது. அன்றைக்கே பக்கத் தாள்களைக் கழற்றிவிட்டேன்.

ஆகவே கொழும்புக்காரருக்கு முதல் வேலை இதுதான்: பக்கங்களைத் திறந்து விடுங்கள். மேலே மட்டும் வெளிச்சம் விடும் ஒரு ஷீட், அதற்குக் கீழே 50 சதவீத நிழல் வலை. ஷீட் வெயிலுக்காக இல்லை, மழைக்காக. கொழும்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதாவது ஒரு சதுர மீற்றர் பரப்பில் மட்டும் 2,400 லீற்றர் தண்ணீர் விழும். என் மொத்தத் தாங்கியே 250 லீற்றர்.

ஏன் 250தான் என்று கேட்பீர்கள். பாரம். 1,000 லீற்றர் தண்ணீர் ஒரு தொன். வீட்டுக் கூரைத் தட்டுகளைச் சாதாரணமாகச் சதுர மீற்றருக்கு 150 முதல் 200 கிலோவைத் தாங்கும்படிதான் கணக்குப் பார்த்துக் கட்டுவார்கள், யூடியூப்பில் வரும் கம்பிக்கூட்டுக்குள் இருக்கும் அந்த வெள்ளைத் தாங்கியை நிரப்பி மேலே வைத்தால் சதுர மீற்றருக்கு 800 கிலோவுக்கு மேல் வரும். என்னுடையது கல், தண்ணீர், இரும்புச் சட்டம் எல்லாம் சேர்த்து 600 கிலோ அளவில். அதையும் நடுத்தட்டில் வைக்காமல், கீழே தூணும் பீமும் ஓடும் சுவரோரமாக நீளவாட்டில் பரப்பி வைத்தேன், அதுவும் கட்டட வேலை தெரிந்த மச்சானைக் கூட்டிவந்து காட்டிய பிறகு. வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் முதலே கேட்டுவிடுங்கள். முற்றம் இருக்கிறவர்கள் மேலே ஏறவே வேண்டாம்.

சாமான்கள்

250 லீற்றர் பிளாஸ்டிக் தாங்கி ஒன்று. நீல பரல் ஒன்று, நீளவாட்டில் இரண்டாக அறுத்தால் இரண்டு பாத்தி. பழைய பரல் வாங்கும்போது மூடியைத் திறந்து மணந்து பாருங்கள், ஊறுகாயோ வினாகிரியோ மணந்தால் வாங்கலாம், இரசாயன மணம் வந்தால் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம். பைப், டேங்க் கனெக்டர் எல்லாம் புறக்கோட்டை பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் முடியும். மணிக்கு 1,500 லீற்றர், 2 மீற்றர் உயரம் என்று எழுதியிருக்கும் நீருக்குள் போடும் சின்ன மோட்டர் ஒன்று, 15 நிமிடத்துக்கு ஒரு பல் இருக்கிற டைமர் ஒன்று, இரண்டும் முதலாம் குறுக்குத் தெருவில். நாகம் பூசிய இரும்பு, செப்புக் குழாய் இரண்டையும் தண்ணீரில் படவிடாதீர்கள், மீனுக்கு ஆகாது.

பெல் சைஃபன், அதாவது பாத்தி நிரம்பியதும் தண்ணீரைத் தானாகவே உறிஞ்சி வடிக்கும் கவிழ்த்த குழாய், அதை வைக்கச் சொல்லித்தான் எல்லாரும் சொல்வார்கள். நானும் இரண்டு கிழமை மல்லுக்கட்டினேன். தண்ணீர் வரத்துக் கொஞ்சம் குறைந்தால் சைஃபன் பிடிக்காது, கூடினால் விடாது. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல்முறை செய்கிறவருக்கு டைமர்தான் நல்லது: 15 நிமிடம் ஓடும், 45 நிமிடம் ஓயும். பாத்தியின் அடியில் ஓட்டை போட்டுக் கனெக்டரைப் பூட்டி அதில் ஒரு நிமிர்ந்த பைப் செருகுங்கள். அதன் மேல்வாய் கல்லின் மேற்பரப்புக்கு 3 சென்ரிமீற்றர் கீழே நிற்க வேண்டும். பைப்பின் அடியில் 6 மில்லிமீற்றரில் ஒரு துளை. மோட்டர் ஓடும்போது தண்ணீர் மேல்வாய் வரை ஏறும், நின்றதும் துளை வழியாக அரை மணித்தியாலத்தில் மெல்ல வடிந்து தாங்கிக்குத் திரும்பும், வேருக்குக் காற்று கிடைக்கும். கல் உள்ளே போகாமல் இருக்க, வெட்டுப் போட்ட பெரிய பைப் ஒன்றைச் சுற்றிக் கவிழ்த்து விடுங்கள். அவ்வளவுதான்.

மோட்டரைத் தாங்கியின் அடியில் வைக்காதீர்கள். ஒரு செங்கல்லின் மேல் வையுங்கள். பைப் எங்காவது கழன்றால் மோட்டர் தண்ணீரையெல்லாம் மாடியில் கொட்டும், அப்போதும் மீனுக்கு ஒரு சாண் தண்ணீராவது மிஞ்சும்.

கல்: நான் விழுந்த இடம்

இந்த இடத்தை மட்டும் அவசரப்படாமல் வாசியுங்கள். பாத்தியை நிரப்ப 20 மில்லிமீற்றர் அளவில் கல் வேண்டும், இரண்டு பாத்திக்கும் ஏறக்குறைய 280 கிலோ. பூச்செடிக் கடை ஒன்றில் வெள்ளை வெளேரென்று கல் விற்றார்கள். கல்தானே, எதுவானால் என்ன, வெள்ளை என்றால் வடிவாகவும் இருக்கும் என்று வாங்கி மூன்று மாடி தூக்கி நிரப்பினேன். ஒரு மாதத்தில் கங்குங் கீரை மஞ்சள். இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் வெளிறல். இரும்புச் சத்துக் குறைவு என்று வாசித்து இரும்புக் கரைசல் போட்டேன், ஒன்றும் நடக்கவில்லை, இன்னும் போட்டேன். இதற்குள் நாலு மீன் போய்விட்டது.

காரணத்தைக் கண்டுபிடித்தது அம்மா. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்திருந்தவர், தாங்கி விளிம்பில் இருந்த வெள்ளைக் கோட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, “என்னடா இது, எங்கட வீட்டுக் கேத்தில் மாதிரிப் படிஞ்சு கிடக்கு” என்றார். அவர் போன பிறகுதான் உறைத்தது. அது சுண்ணாம்பு. நான் வாங்கிய வெள்ளைக் கல் சுண்ணாம்புக் கல், கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரின் பிஎச்சை (அமிலமா காரமா என்று காட்டும் அளவு, 7 நடு) 8.2இல் பிடித்து வைத்திருந்தது. அந்த அளவில் இரும்பைச் செடியால் எடுக்க முடியாது. மீனுக்கு இன்னும் மோசம்: மீன் கழிவால் தண்ணீரில் சேரும் அமோனியாவில் நஞ்சான வடிவத்தின் பங்கு, 30 பாகைச் சூட்டில், பிஎச் 7இல் நூற்றுக்கு ஒன்றைவிடக் குறைவு, 8இல் ஏழு எட்டு. அதே அமோனியா, பத்து மடங்கு நஞ்சு.

சோதனை அரை நிமிட வேலை. கல்லைக் கழுவிக் காயவைத்து அதன்மேல் வினாகிரி விடுங்கள். நுரைத்தால் வேண்டாம். சந்தேகமென்றால் கல்லை உடைத்து உள்பக்கத்திலும் விட்டுப் பாருங்கள். நான் இப்போது போட்டிருப்பது கட்டட வேலைக்கு விற்கும் சாதாரணக் கருங்கல் சல்லி. அழுக்குச் சாம்பல் நிறம், கழுவிக் கழுவிக் கை சலித்துவிடும், ஆனால் நுரைக்காது. பழைய 280 கிலோவையும் மூன்று மாடி இறக்கியது தனிக்கதை. ஒரு சாக்கை மட்டும் பூச்சட்டிக்கு ஆகும் என்று மூலையில் வைத்தேன். அந்தச் சாக்கு பிறகும் வரும்.

தண்ணீரைப் பழக்குதல்

கொழும்புக் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். தாங்கியை நிரப்பி, தண்ணீருக்குள் குமிழி விடும் காற்று மோட்டரை ஒரு நாள் முழுக்க ஓடவிட்டால் போய்விடும். அதன்பின் மீன் விடாதீர்கள். பொறுங்கள். மீனின் கழிவில் வரும் அமோனியாவை ஒருவகை பக்டீரியா நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதை நைத்திரேற்றாகவும் மாற்ற வேண்டும். செடிக்கு வேண்டியது கடைசியில் வருவது. இந்த பக்டீரியாக்கள் கல்லில் குடியேற நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும்.

அதுவரை அவற்றுக்குச் சாப்பாடு? அழுகிய மீன்துண்டு போடச் சொல்வார்கள். பக்கத்து மாடிக்காரரோடு நல்லுறவு வேண்டுமென்றால் அதைச் செய்யாதீர்கள். நான் பசளைக் கடை அமோனியம் சல்பேற் போட்டேன். அதில் 21 சதவீதம் நைதரசன், 250 லீற்றருக்கு 2.5 கிராம் போட்டால் லீற்றருக்கு 2 மில்லிகிராம் வரும். குறைந்ததும் மறுபடி. போட்ட அமோனியா 24 மணித்தியாலத்தில் பூச்சியமாகி, நைத்திரைற்றும் பூச்சியமாக இருந்தால் தண்ணீர் பழகிவிட்டது. இதைப் பார்க்கச் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டிதான் வாங்குங்கள். காகிதப் பட்டி மலிவு, ஆனால் நம் ஈரக்காற்றுக்கு டப்பாவைத் திறந்த இரண்டாம் மாதமே நிறத்தில் பொய் சொல்லத் தொடங்குகிறது.

பிறகு 12 திலாப்பியாக் குஞ்சுகள், அதற்கு மேல் வேண்டாம். நன்னீர் மீன் வளர்ப்பைப் பார்க்கும் அரச நிறுவனமான நக்டாவின் இனப்பெருக்க நிலையங்களில் குஞ்சு வாங்கலாம், ஆனால் அவை தம்புள்ளை, உடவளவை என்று தூரத்தில். கொஞ்சம் கேட்கிறவர்கள் நண்பர்களோடு சேர்ந்து எடுப்பது நல்லது. கங்குங், பொன்னாங்காணி, வல்லாரை மூன்றும் முதல் மாதத்திலேயே வரும். தக்காளியும் கொச்சிக்காயும் ஆறு மாதம் கழித்து.

மூன்றாம் மாதத்தில்

கருங்கல் போட்டபின் எல்லாம் நன்றாக ஓடியது. மூன்றாம் மாதம் திடீரென்று அமோனியா மறுபடி லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு ஏறியது. மீன் தீனியைத் தொடவில்லை. பிஎச் 5.8. இந்த முறை எதிர்ப்பக்கம் விழுந்திருக்கிறேன்.

கொழும்புத் தண்ணீர் மென்தண்ணீர், களனி ஆற்றிலும் லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் இருந்து வருவது, சுண்ணாம்பு அதில் கொஞ்சம்தான். பக்டீரியா ஒரு கிராம் அமோனியா நைதரசனை மாற்ற ஏழு கிராம் சுண்ணாம்பை ஈடுகட்டும் அளவு அமிலத்தை விடும். பெரிய மீன்கள் நாளுக்கு 40 கிராம் தீனி தின்றால், கணக்குப்படி நாளுக்கு 9, 10 கிராம் சுண்ணாம்பு கரைய வேண்டும். கரைய ஒன்றுமில்லாவிட்டால் பிஎச் இறங்கும், 6க்குக் கீழே போனால் அந்த பக்டீரியாவே வேலையை நிறுத்திவிடும்.

மூலையில் கிடந்த சாக்கை அவிழ்த்தேன். மூன்று கைப்பிடி வெள்ளைக் கல்லை வெங்காய வலைப்பையில் கட்டித் தண்ணீர் திரும்பி விழும் இடத்தில் தொங்கவிட்டேன். நாலு நாளில் 6.6. இப்போதும் அந்தப் பை அங்கேதான் தொங்குகிறது, 7ஐத் தாண்டினால் வெளியே எடுப்பேன், 6.4க்கு வந்தால் உள்ளே. சாக்கு இல்லாதவர்கள் கோழித்தீனிக் கடையில் சிப்பித் துகள் வாங்கலாம். அப்பச்சோடாவை மட்டும் கொட்டாதீர்கள், ஒரேயடியாக ஏறும், சோடியமும் சேர்ந்துகொண்டே போகும்.

கரண்ட்

2025 பெப்ரவரி 9, ஒரு குரங்கால் நாடு முழுவதும் கரண்ட் போன ஞாயிறு. இரண்டு மணித்தியாலத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாய் பிளந்தன. வாளியால் அள்ளி அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றிச் சாயங்காலம் வரை காப்பாற்றினேன், தோள் இரண்டு நாள் தூக்க முடியவில்லை. அடுத்த கிழமையே 12 வோல்ட் காற்று மோட்டரும் மோட்டார் சைக்கிள் பற்றரியும் வாங்கினேன். கீரை ஒரு நாள் தாங்கும், மீன் தாங்காது. முதலிலேயே வாங்குங்கள்.

பின்சேர்க்கை 1: தெஹிவளை வாசகர் ஒருவருக்குக் கரண்ட் போனதும் தாங்கி வழிந்து கீழ்வீட்டுக் கூரைக்குள் இறங்கிவிட்டதாம். பாத்தி நிரம்பியிருந்த நேரம் தாங்கியை விளிம்பு வரை நிரப்பியிருக்கிறார். இரண்டு பாத்தியிலும் 75 லீற்றர் நிற்கும், மோட்டர் நின்றால் அவ்வளவும் திரும்பி வரும். பாத்தி வடிந்திருக்கும்போது நிரப்பி, அந்த மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். இதை நான் முதலே எழுதியிருக்க வேண்டும், மன்னிக்கவும்.

பின்சேர்க்கை 2: டெங்கு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் இரண்டு முறை ஏறிப் பார்த்தார். தாங்கியில் மீன் இருக்கிறது, நுளம்புக் குடம்பி தங்காது. பாத்தியில் மேல் 3 சென்ரிமீற்றர் எப்போதும் காய்ந்திருக்கும், அதற்குத்தான் அந்த உயரம். அவர் விரலால் காட்டியது பக்கத்தில் நான் மறந்துபோன அரை வாளியை.

பின்சேர்க்கை 3: நுவரெலியாவில் இருந்து ஒருவர், தனக்கும் பக்கங்களைத் திறக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம்! 1,868 மீற்றர் உயரத்தில் நான் முதலில் கட்டிய மூடிய கூடாரம்தான் உங்களுக்குச் சரி. திலாப்பியா 18 பாகைக்குக் கீழே தீனி குறைக்கும், 10ஐ நெருங்கினால் சாகும். ஆனால் கூடாரத்துக் காற்றைச் சூடாக்கிக் காசைக் கரைக்காதீர்கள், தண்ணீரைச் சூடாக்குங்கள். 250 லீற்றரை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 0.3 அலகு மின்சாரம் போகும், அதாவது 300 வாட் ஹீட்டர் ஒரு மணித்தியாலம். தாங்கிக்கு ரெஜிஃபோம் சுற்றி மூடி போட்டால் இரவு இழப்புக் குறையும், கறுப்புப் பெயின்ற் அடித்த பரல்களில் தண்ணீர் நிரப்பி வடக்குச் சுவரோரம் வைத்தால் பகல் வெயிலைக் கொஞ்சம் இரவுக்குத் தள்ளும். இரவில் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றுவதையும் குறையுங்கள், குளிர்ந்த கல்லில் ஓடித் திரும்பும் தண்ணீர்தான் தாங்கியை ஆறவைக்கும். இல்லையென்றால் கெண்டை வளர்த்துவிட்டு ஹீட்டரையே மறந்துவிடுங்கள்.