சாப்பாட்டுக்குப் பேர்போன விடுதியில் ரூம் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட சென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் லீவு நாள் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: "பழவேற்காடு தாண்டி ஒரு விடுதி இருக்கு, மீன் குழம்பு அள்ளும், ஒரு நைட் தங்கிட்டு வாங்க." அதை நம்பிப் போய் முகம் தொங்கத் திரும்பியவர்கள் நிறையப் பேர்.

முதல் தவறு, மதியச் சாப்பாட்டின் பேரை நம்பி ராத்திரிக்கு ரூம் போடுவது. சின்ன விடுதிகள் பலவற்றில் கைமணக்காரர் காலையில் வந்து, பந்தி முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவார். என் அத்தை குடும்பம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் கிளம்பியது. எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் அடுப்பை அணைத்திருந்தார்கள். கிடைத்தது முட்டை தோசை. காலையில் பிரெட் ஆம்லெட். பத்து மணிக்கு ரூமைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். குழம்பு கொதிக்க ஆரம்பித்ததே அதற்கு அப்புறம்தான்! ஆகவே இரவுச் சமையல் உண்டா, மாஸ்டர் எத்தனை மணி வரை இருப்பார், எத்தனை மணிக்குக் காலி பண்ண வேண்டும் என்பதை அட்வான்ஸ் கட்டுமுன் போனில் கேளுங்கள். மீனையும் முந்தின நாளே சொல்லி வையுங்கள். சின்ன அடுப்படியில் காலையில் வாங்கியதைத்தான் சமைப்பார்கள்.

அடுத்தது பருவம். நம் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் போய் வஞ்சிரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் ஐஸ் மீன் வர வாய்ப்பு அதிகம், விலையும் எகிறும். நாட்டுப் படகுகளுக்கு இந்தத் தடை இல்லை. அதனால் பழவேற்காடு ஏரியில் கிடைக்கும் மடவை, இறால், நண்டு என்று கேட்பது புத்திசாலித்தனம். கடல் மீன் என்றால் எங்கிருந்து வருகிறது என்றும் விசாரியுங்கள். நம் பக்கத்துக் காசிமேட்டில் ஏலம் போன மீனை 50 கிலோமீட்டர் துரத்திப் போய்ச் சாப்பிடுவதில் என்ன பெருமை? செவுளையும் கண்ணையும் பார்க்க நம் ஏரியாக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். ஆனால் விடுதியில் உட்கார்ந்ததும் அதைக் கேட்க ஏனோ கூச்சப்படுகிறோம்.

அறையையும் பார்த்துவிட்டுத்தான் பையை இறக்க வேண்டும். அடுப்படிக்கு மேலே இருக்கும் ரூம் என்றால் தலையணையில்கூட வறுவல் வாசம் அடிக்கும், விடிவதற்குள் கிரைண்டர் சத்தம். சாப்பாடு பிரமாதம் என்பதால் பாத்ரூமும் சுத்தமாக இருக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. என்னைக் கேட்டால், குழம்புதான் குறி என்றால் தங்கவே வேண்டாம். காலையில் கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடலாம்.

கடைசியாக, பில். வாடகையில் சாப்பாடு சேர்த்தியா என்று முன்பே கேளுங்கள். முழு மீன் பொரிக்கச் சொன்னால் விலையைப் பேசிவிட்டு எண்ணெயில் போடச் சொல்லுங்கள். அத்தைக்கு வந்த பில்லில் அந்த முட்டை தோசைக்குக்கூட சர்வீஸ் சார்ஜ் போட்டிருந்தார்கள். உணவகங்கள் அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லியிருக்கிறது. கவுன்டரிலேயே எடுக்கச் சொல்லலாம். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915.