பழைய பிளாஸ்டிக் சாண்டாவுக்கு மறுபடி விளக்கேற்றுவது எப்படி?

டிசம்பர் வந்தால் அமெரிக்கப் புறநகர்த் தெருக்களில் இவற்றைப் பார்க்கலாம். புல்வெளியில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாண்டா, பக்கத்தில் பனிமனிதன், சில வீடுகளில் மரியாள், யோசேப்பு, குழந்தை, மூன்று ஞானிகள், ஒட்டகம் என்று முழுக் குடும்பமே நிற்கும். எல்லாம் உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக் பொம்மைகள். வயிற்றுக்குள் ஒரு பல்பு எரியும். சேகரிப்பவர்கள் இவற்றை 'ப்ளோ மோல்ட்' என்று அழைக்கிறார்கள். காற்றடைத்து ஆடும் நைலான் பொம்மைகள் வந்தபிறகு இவை பரணுக்கும் கராஜுக்கும் போய்விட்டன. இப்போது வீடுகளில் பழைய சாமான்களை விற்கும் இடங்களிலும் பழைய பொருள் கடைகளிலும் அழுக்கோடும் உரிந்த வண்ணத்தோடும் கிடைக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி வந்து என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒரு விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எந்த வேலையையும் இரவில், பல்பை எரியவிட்டுப் பார்த்துத்தான் மதிப்பிட வேண்டும். பகலில் அழகாகத் தெரியும் பழுதுபார்ப்பு இரவில் கறுப்புத் திட்டாகத் தெரியலாம். பகலில் பரிதாபமாக இருக்கும் பழைய வண்ணம் இரவில் பிரமாதமாக ஒளிரலாம்.

கையில் இருப்பது என்ன?

சூடான, இளகிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இரு பாதி அச்சுகளுக்கு நடுவே விட்டு, அச்சை மூடிக் காற்றை ஊதினால் குழாய் விரிந்து அச்சின் உருவத்தை எடுத்துக்கொள்ளும். இவை பிறந்த விதம் இதுதான். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஓடும் தையல் கோடு இரு அச்சுகளும் சேர்ந்த இடம். இன்னொன்றும் இதிலிருந்து புரியும்: பிளாஸ்டிக் அதிக தூரம் விரிந்து போன இடங்களில் சுவர் மெல்லியதாக இருக்கும். தொப்பி நுனி, மூக்கு, விரல்கள், கலைமானின் கொம்பு ஆகியவை அப்படிப்பட்டவை. வாங்கும்போது விரிசலை அங்கே தேடுங்கள்.

பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிஎத்திலீன், பால் கேன் செய்யும் அதே வகை. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள். பசை ஒட்டாததும் வண்ணம் உரிவதும் இதனால்தான்.

பொம்மையின் முதுகிலோ அடியிலோ நிறுவனத்தின் பெயர் புடைப்பெழுத்தில் இருக்கும். வட கரோலினாவின் டார்பரோவில் இயங்கிய எம்பயர், மாசசூசெட்ஸின் லெமின்ஸ்டரில் இருந்த யூனியன் புராடக்ட்ஸ், வர்ஜீனியாவின் ஜெனரல் ஃபோம், சிகாகோவின் பெக்கோ, நியூயார்க் மாநிலத்தின் போலோரான் ஆகியவை அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள். புல்வெளிகளில் இரண்டு கம்பிக் கால்களில் நிற்கும் இளஞ்சிவப்பு பிளமிங்கோவை 1957-இல் டான் ஃபெதர்ஸ்டோன் வடிவமைத்தது யூனியன் புராடக்ட்ஸுக்காகத்தான். அந்தத் தொழிற்சாலை 2006-இல் மூடப்பட்டது.

பெயரோடு ஆண்டும் பொறித்திருந்தால் உடனே விலையை ஏற்றிவிடாதீர்கள். அது அந்த வடிவமைப்பின் ஆண்டு. அச்சு பல காலம் உழைக்கும், கைமாறியும் போகும். 1970 என்று பொறித்த பொம்மை அதற்கு வெகுநாள் பிறகுகூட வார்க்கப்பட்டிருக்கலாம்.

முதலில் வயரைக் கழற்றுங்கள்

பழைய வயரோடு பொம்மையைச் சுவரில் சொருகிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வேண்டாம். காப்புறை வெடித்து, சாக்கெட் துருப்பிடித்திருக்கும். பின்பக்கத் துளையிலோ அடியிலோ இருக்கும் கிளிப்பை இரு விரலால் அழுத்தினால் சாக்கெட் வெளியே வந்துவிடும். அதை எடுத்து வையுங்கள், புதியது வாங்க அளவு பார்க்க உதவும்.

பிறகு பொம்மையைக் கவிழ்த்துத் தட்டுங்கள். மணல், காய்ந்த இலை, குளவிக்கூடு, எலிப் புழுக்கை என்று எது வேண்டுமானாலும் விழும். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வெளியில் வைத்துத் தட்டுவது நல்லது.

கழுவுவதற்கு முன், பழுதில்லாத வேறொரு வயரில் மாட்டிய பல்பு ஒன்றை உள்ளே வைத்து இருட்டறையில் ஒரு படம், பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். முகத்தை அருகிலிருந்து தனியாக எடுங்கள். கண்ணின் கறுப்பு எங்கே தொடங்குகிறது, கன்னத்தின் சிவப்பு எங்கே கரைகிறது என்று பிறகு தேடும்போது இந்தப் படங்கள்தான் துணை.

கழுவுதல்

வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம், மென்மையான துணி, மடிப்புகளுக்குப் பழைய பல் துலக்கி. முக்கால்வாசி பொம்மைகளுக்கு இதுவே போதும். உள்பக்கத்தையும் கழுவுங்கள். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். உள்ளே படிந்த தூசும் ஒளியை மறைக்கும். சோப்புத் தண்ணீரை உள்ளே ஊற்றிக் குலுக்கினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

செய்யக் கூடாதவை சில. அழுத்தம் மிகுந்த நீர்ப்பீச்சி பழைய வண்ணத்தைத் தோலோடு உரித்துவிடும். கறை நீக்கும் வெள்ளை மெலமைன் பஞ்சு உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள் போன்றது. வண்ணம் இல்லாத வெள்ளைத் தாடியில் அதைப் பயன்படுத்தலாம், வண்ணத்தின் மேல் படக் கூடாது. ஆல்கஹாலும் பழைய வண்ணத்தைக் கரைக்கக்கூடும். முதுகுப்பக்கம் ஒரு மூலையில் தொட்டுப் பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள்.

1978-க்கு முந்தைய பொம்மை என்றால் வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவில் வீட்டு உபயோக வண்ணங்களில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு வந்தது அந்த ஆண்டில்தான். எனவே உலர்ந்த வண்ணத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசு கிளப்ப வேண்டாம், குழந்தைகளை அந்தப் பக்கம் விடவும் வேண்டாம்.

ஒடுக்கும் விரிசலும்

ஒடுக்கு விழுந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. சூடான குழாய்த் தண்ணீரை உள்ளே நிரப்பிச் சற்று நேரம் விட்டு, மரக்கரண்டிக் காம்பால் உள்ளிருந்து மெதுவாகத் தள்ளினால் வெளியே வந்துவிடும். கை எட்டாத இடத்துக்கு முடி உலர்த்தியைக் காட்டலாம். சுடுகாற்றுத் துப்பாக்கியைத் தொடக்கநிலையாளர் தொடாமல் இருப்பது நல்லது. பாலிஎத்திலீன் சுமார் 130 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அந்தக் கருவியோ அதைவிடப் பல மடங்கு சூட்டை உமிழும். ஒரு நொடி கவனம் தவறினால் சாண்டாவுக்கு மூக்கு இருக்காது.

விரிசல்தான் கடினம். சூப்பர் க்ளூ, எபாக்சி எல்லாம் ஒட்டியதுபோல் பாவனை காட்டிவிட்டு, முதல் குளிரில் தகடாகப் பெயர்ந்து வரும். மெழுகு போன்ற இந்தப் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை அவற்றால் பற்றிக்கொள்ள முடியாது. உருக்கி ஒட்டுவதே உறுதியான வழி. செய்முறை இது:

1. விரிசலின் முனையில் மிகச் சிறிய துளை ஒன்று போடுங்கள். விரிசல் அதற்கு மேல் ஓடாது.
2. முக்கோணத்துக்குள் 2 என்ற எண் உள்ள பால் கேனைக் கழுவி, மெல்லிய பட்டைகளாக வெட்டிக்கொள்ளுங்கள். அதே குடும்பத்துப் பிளாஸ்டிக் என்பதால் இரண்டும் ஒன்றாகக் கலக்கும். பொம்மை பாலிஎத்திலீன்தானா என்று சந்தேகம் இருந்தால் அடிவிளிம்பில் ஒரு சீவலைச் சீவித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் அது பாலிஎத்திலீன் அல்ல, இந்த முறையை விட்டுவிடுங்கள்.
3. விளிம்புகளைச் சேர்த்துப் பிடித்து, தட்டை முனையுள்ள சால்டரிங் அயர்னால் பட்டையை விரிசலின் மேல் உருக்கி இழையுங்கள். பொம்மையின் பிளாஸ்டிக்கும் மேலே போடும் பட்டையும் இரண்டுமே இளக வேண்டும். மேலே மட்டும் உருகி உட்கார்ந்தால் நகத்தால் பெயர்த்துவிடலாம்.

கை நுழையும் இடமென்றால் உள்பக்கத்திலிருந்து செய்யுங்கள். புகை வரும் என்பதால் கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். ஆனால் உருக்கிய இடம் தடித்துவிடும், இரவில் நிழலாகத் தெரியும். எனவே முகத்தில் மயிரிழை விரிசல் இருந்து, அது பிரியாமல் நின்றால், நான் தொடவே மாட்டேன்.

உறுதிக்காக உள்ளே ஸ்ப்ரே ஃபோம் நிரப்பும் யோசனையை யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு மறந்துவிடுங்கள். ஒளி போய்விடும், பல்புச் சூட்டில் எரியும் பொருளையும் நாமே உள்ளே வைத்ததாகிவிடும்.

வண்ணம்: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது

கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிப் பழகியவர்கள் இங்கே தங்கள் பழக்கத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டும். மண் பொம்மைக்கு வண்ணம் நன்றாக மூடிக்கொள்ள வேண்டும். இங்கே வண்ணம் திரையாக இருக்க வேண்டும், ஒளி அதன் வழியாக வடிந்து வர வேண்டும். தூரிகையால் தடிமனாகப் பூசினால் ஒவ்வொரு இழுப்பும் இரவில் கோடு கோடாகத் தெரியும். தொழிற்சாலையில் மறைப்புத் தகடு வைத்துத் தெளித்தார்கள். அதனால்தான் பழைய பொம்மைகளின் கன்னச் சிவப்புக்கு விளிம்பே இல்லை.

முதல் கேள்வி: பூசத்தான் வேண்டுமா? முக்கால்வாசி வண்ணம் மிஞ்சியிருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். சேகரிப்பவர்கள் பலரும் தேய்ந்த மூல வண்ணத்தையே விரும்புகிறார்கள். கைத்திறன் குறைந்த புதுப்பூச்சு விலையையும் குறைக்கும், முகத்தையும் கெடுக்கும். பூசுவதென்றால் போன இடத்துக்கு மட்டும் பூசுங்கள்.

சிவப்பு அங்கி போன்ற பெரிய பரப்புக்கு, பிளாஸ்டிக்குக்கு என்றே விற்கும் ஸ்ப்ரே வண்ணம் வாங்குங்கள். கிரைலான், ரஸ்ட்-ஓலியம் நிறுவனங்களின் பிளாஸ்டிக்கில் பிடிக்கும் வகைகள் எளிதில் கிடைக்கும். தாடி, ரோம விளிம்பு, முகம் எல்லாவற்றையும் வண்ணக்காரர்களின் டேப்பாலும் தாளாலும் மூடுங்கள். ஓர் அடி தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல் வீசிக்கொண்டே, பனி படிவதுபோல் தெளியுங்கள். முதல் பூச்சில் அடிப்பரப்பு தெரியத்தான் செய்யும், தெரிய வேண்டும். டப்பாவில் சொன்ன நேரம் காயவிட்டு, உள்ளே எல்.இ.டி. பல்பை வைத்துப் பாருங்கள். ஒளி சீராக வருகிறதா? போதும், நிறுத்துங்கள். இல்லையென்றால் இன்னொரு மெல்லிய பூச்சு. தெளித்த கையோடு பல்பைப் போடாதீர்கள். எரியக்கூடிய ஆவி பொம்மையின் உள்ளே தேங்கியிருக்கும்.

பெல்ட்டும் காலணியும் மட்டும் விதிவிலக்கு. கறுப்பு ஒளியை அடைத்தாலும் பரவாயில்லை, அங்கே அடைக்கத்தான் வேண்டும்.

முகத்தைக் கடைசியில் எடுங்கள், அக்ரிலிக் வண்ணத்தோடும் மிக மெல்லிய தூரிகையோடும். கன்னத்துக்குத் தூரிகை கூடாது. பஞ்சுத் துண்டில் மிகக் குறைவாக வண்ணம் தொட்டு, காகிதத்தில் ஒற்றிவிட்டு, மிச்சத்தை மட்டும் கன்னத்தில் தட்டுங்கள். கண்ணைப் பார்வைத் திசை மாறாமல் எழுதுங்கள். எடுத்து வைத்த படத்தைக் கைக்கருகில் வைத்துக்கொள்ளுங்கள். கருவிழி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், அன்பான தாத்தா திருட்டு முழி முழிப்பார். அக்ரிலிக் ஈரமாக இருக்கும்போது துடைத்துவிட முடியும் என்பதால் அவசரம் வேண்டாம்.

தாடிக்கும் பனிமனிதனின் உடலுக்கும் வெள்ளை பூசாதீர்கள். பெரும்பாலும் அது வண்ணமே இல்லை, வெற்றுப் பிளாஸ்டிக். அதிகம் ஒளிரும் இடமும் அதுதான்.

புதிய விளக்கு

பெரும்பாலான சிறிய, நடுத்தர பொம்மைகளுக்கு சி7 எனப்படும் சிறிய அலங்காரப் பல்பு பொருந்தும் கிளிப் சாக்கெட் வயர் போதும். பல்பின் அடி ஈ12 அளவு, பழைய சுடுஇழை பல்பு என்றால் 5 வாட் அளவில்தான் இருக்கும். பெரிய பொம்மைகள் சாதாரண வீட்டுப் பல்பின் ஈ26 அடியை ஏற்கும். உடலில் அதிகபட்ச வாட் எழுதியிருந்தால் அதை மீறாதீர்கள். சூடான பல்பு சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகும். பழைய பொம்மைகளின் முதுகில் காணும் கருகிய வட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

என் விருப்பம் மஞ்சள் சாயலுள்ள எல்.இ.டி. சூடு மிகக் குறைவு. நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. வாங்கிவிடாதீர்கள், முகங்கள் நோயாளி போல் தெரியும். ஒரே பக்கம் ஒளி வீசும் பல்பையும் தவிருங்கள், தொப்பி இருண்டுபோகும். வெளிப்புறத்துக்கென்று குறித்த வயரையே பயன்படுத்தி, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் சாக்கெட்டில் இணையுங்கள்.

பொம்மையைத் தமிழ்நாட்டுக்கு எடுத்து வருபவர்கள் வயரோடு கொண்டுவர வேண்டாம். அது 120 வோல்ட்டுக்கானது, இங்கே 230. இங்கேயே ஒரு ஹோல்டரும் எல்.இ.டி. பல்பும் வாங்கி மாட்டிக்கொள்வதுதான் எளிது.

வெளியில் நிறுத்துவது

வெற்றுடம்பு என்பதால் காற்று தூக்கிக்கொண்டு போகும். மணலைப் பையில் கட்டி அடியில் வையுங்கள். நேரடியாகக் கொட்டினால் ஈரம் தேங்கும், எடுக்கும்போது பாதி உள்ளேயே தங்கும். பல்பின் உயரத்துக்கு மணல் வரக் கூடாது. உயரமான பொம்மைக்குப் பின்னால் இரும்புக் கம்பி ஒன்றை மண்ணில் அடித்துக் கட்டிவிடுங்கள். உறைபனி நாளில் பொம்மையை இழுக்கவோ தட்டவோ வேண்டாம், குளிரில் இந்தப் பிளாஸ்டிக் நொறுங்கும் குணத்துக்குப் போய்விடும். பனி படிந்தால் மென்மையான துடைப்பத்தால் தள்ளினால் போதும்.

பத்திரப்படுத்துவது

பண்டிகை முடிந்ததும் உள்ளே எடுங்கள். ஆண்டு முழுவதும் வெயிலில் நின்றால் வண்ணம் வெளுக்கும், பிளாஸ்டிக் உளுத்துப்போகும். துடைத்து, உள்ளும் புறமும் உலர்த்தி, பல்பைக் கழற்றி வையுங்கள். செய்தித்தாளைச் சுற்றினால் மை ஒட்டிக்கொள்ளும், பழைய பருத்திப் படுக்கை விரிப்பு நல்லது. கோடையில் கொதிக்கும் பரணைவிட நிலவறையோ வீட்டுக்குள் ஓர் அலமாரியோ மேல். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல் நிற்கவையுங்கள். இடம் போதாவிட்டால் பனிமனிதனை அடியில் போட்டு மேலே கனமான பெட்டியை வைக்காதீர்கள், அடுத்த டிசம்பரில் மறுபடியும் சுடுதண்ணீரும் மரக்கரண்டியுமாக உட்கார வேண்டியிருக்கும்.