ஆங்கில இலக்கிய மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் முன்

மேற்படிப்பு என்று முடிவெடுத்தவுடன் பலரும் பல்கலைக்கழகப் பட்டியலைத் தேடத் தொடங்குகிறார்கள்; அதற்கு முன், உங்களை விடாமல் துரத்தும் கேள்வி எதுவென்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். படைப்புகளை நுணுகிப் படிப்பதில் மனம் செல்கிறதென்றால் இலக்கியப் பிரிவு பொருந்தும். கதையோ கவிதையோ எழுதுவதே நோக்கமென்றால், எம்.எஃப்.ஏ. எனப்படும் படைப்பெழுத்துப் பட்டம் இருக்கிறது. ஒரு பேச்சோ கட்டுரையோ கேட்பவரை எவ்வாறு இணங்க வைக்கிறது என்பதை ஆராய விரும்புவோர் ரெட்டரிக் எனப்படும் சொல்வன்மைத் துறையை நாடலாம். பேசுபவர் மீதான நம்பிக்கை, கேட்பவரின் உணர்ச்சி, வாதத்தின் தர்க்கம் என்று அரிஸ்டாட்டில் வகுத்த மூன்று வழிகளில் தொடங்கி, கல்லூரி மாணவர்களுக்கு எழுதக் கற்பிக்கும் முறைகள் வரை அத்துறை விரிந்திருப்பதால், ஆசிரியப் பணியில் விருப்பமுள்ளவர்கள் அதைக் கட்டாயம் பரிசீலிக்க வேண்டும் என்பது என் கருத்து.

எதை, ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்துடன் எழுதித் தரும் நோக்க அறிக்கையில் “சிறு வயதிலிருந்தே எனக்கு இலக்கியத்தில் ஆர்வம் உண்டு” என்று தொடங்காதீர்கள். அந்த வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். “நாவலின் கதைசொல்லி ஒரு பாத்திரத்தின் எண்ணத்தைத் தன் குரலிலேயே சொல்லும்போது, அந்தத் தீர்ப்புக்குப் பொறுப்பு யாருடையது?” என்று கேட்டுப் பாருங்கள், நீங்கள் எதைப் படிக்கப் போகிறீர்கள் என்பது உடனே தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தின் உயிர்நாடி, உங்கள் எழுத்துக்குச் சான்றாக நீங்கள் இணைக்கும் மாதிரிக் கட்டுரைதான். பெரும்பாலும் 10 முதல் 20 பக்கம் வரை கேட்பார்கள். வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்ற கட்டுரையை அப்படியே அனுப்பாமல், அதன் முதல் இரண்டு பக்கங்களைத் தனியே எடுத்துப் படியுங்கள். அங்கே ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பும் கதைச்சுருக்கமும் மட்டுமே இருந்தால் தயங்காமல் நீக்கிவிட்டு, மூன்றாம் பக்கத்தில் ஒளிந்திருக்கும் வாதத்தை முதல் பத்திக்குக் கொண்டுவாருங்கள். பிறகு ஒவ்வொரு மேற்கோளுக்குக் கீழும், அதிலுள்ள எந்தச் சொல் உங்கள் வாதத்தைத் தாங்குகிறது என்பதை விளக்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். விளக்கமில்லாத மேற்கோள் வெறும் இடநிரப்பியாகவே நிற்கும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மேற்படிப்புச் சேர்க்கைக்குப் பயன்படும் ஜி.ஆர்.இ. தேர்வுகளில், ஆங்கில இலக்கியத்துக்கான பாடத் தேர்வு 2021 ஏப்ரலுக்குப் பிறகு நடத்தப்படுவதில்லை. அதற்கான பழைய வழிகாட்டி நூல்களில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்தை, உங்கள் எழுத்தைத் திருத்திய ஆசிரியரிடம் கேளுங்கள். பெரிய பதவியில் இருப்பவரைவிட உங்களை அறிந்தவரின் கடிதத்துக்கே எடை அதிகம். கடைசித் தேதிக்கு இரண்டு மாதங்கள் முன்பாகவே அணுகி, திருத்திய கட்டுரையையும் நோக்க அறிக்கையையும் அவரிடம் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.