சென்னை வரும்போது பழைய 'பவர்' பத்திரத்தை ரத்து செய்தல்

வேளச்சேரியிலோ அண்ணா நகரிலோ இருக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும்படி உறவினர் ஒருவருக்குப் பொது அதிகார ஆவணம், பேச்சுவழக்கில் 'பவர்', எழுதிக் கொடுத்துவிட்டு வெளிநாடு சென்றவர்கள் பலர். கொடுத்த அதிகாரத்தைக் கொடுத்தவரே திரும்பப் பெறுவதுதான் ரத்து. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதற்கு இடமளிக்கிறது. இதற்கு முகவரின், அதாவது அதிகாரம் பெற்றவரின், சம்மதம் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் அந்த அதிகாரத்தின்கீழ் அவர் ஏற்கெனவே முடித்துவிட்ட விற்பனையையோ வாடகை ஒப்பந்தத்தையோ ரத்து தொடாது.

பலரும் கவனிக்கத் தவறுவது அச்சட்டத்தின் 208ஆம் பிரிவை. முகவரைப் பொறுத்தவரை அவருக்குத் தெரியவரும்போதும், மூன்றாம் நபர்களைப் பொறுத்தவரை அவர்களுக்குத் தெரியவரும்போதும்தான் ரத்து செயலுக்கு வருகிறது. ஆகவே, சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திட்டுவிட்டு அன்றிரவே விமானம் ஏறுபவர், விவரம் அறியாத ஒருவர் பழைய பவரை நம்பி முன்பணம் கொடுத்துவிடக்கூடிய நிலையை அப்படியே விட்டுச்செல்கிறார். மார்கழிக் கச்சேரிகளுக்கும் கல்யாணங்களுக்கும் நாள் ஒதுக்குமுன், விடுமுறையின் முதல் வாரத்திலேயே இதை முடித்துக்கொள்வது நல்லது.

முதலில் தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழ் எடுத்து, உங்களுக்குத் தெரியாமல் ஏதேனும் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பின்னர், பழைய ஆவணத்தின் எண், ஆண்டு, பதிவு அலுவலகம் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு ரத்துப் பத்திரம் எழுதி, பவர் பதிவான அதே அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டும் பழைய பவரின் அசலோ சான்றிட்ட நகலோ கையில் இருக்கட்டும். அசல் முகவரிடம் இருந்தால் அதைக் கேட்டு வாங்கிவிடுங்கள். உறவினரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கலாம், கேட்காமல் விடுவது அதைவிடச் சிக்கலானது.

பதிவு முடிந்ததும் முகவருக்கு ஒப்புகையுடன் தபாலில் அறிவிப்பு அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். வாய்மொழியாகச் சொல்லியிருந்தாலும் எழுத்தில் ஒன்று வேண்டும். வங்கி, வாடகைக்கு இருப்பவர், குடியிருப்போர் சங்கம் ஆகியோருக்கும் தனித்தனியே கடிதம் கொடுங்கள். முகம் தெரியாத வாங்குபவருக்கும் செய்தி எட்டவேண்டும் என்பதற்காகவே, ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் பொது அறிவிப்பு வெளியிடும்படி வழக்கறிஞர்கள் சொல்வதுண்டு.

எல்லாப் பவரையும் இப்படித் திரும்பப் பெற முடியாது. கூட்டுக் கட்டுமானத்துக்காகக் கட்டுநருக்குக் கொடுத்ததுபோல, சொத்திலேயே முகவருக்கு உரிமை நலன், அதாவது தனக்கென ஒரு பங்கோ பயனோ, உண்டாகியிருந்தால், 202ஆம் பிரிவின்படி அந்த நலனைப் பாதிக்கும் வகையில் ஒருதலையாக ரத்து செய்ய இயலாது. அதே வேளையில், அத்தகைய நலன் ஏதுமில்லாத பவரில் 'ரத்து செய்ய முடியாதது' என்ற வரியை எழுதிவிட்டதாலேயே அது அப்படி ஆகிவிடாது. கட்டுநருடன் ஒப்பந்தம் இருப்பவர்கள் ரத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் அதைக் காட்டவேண்டும்.

பயணமே அமையாவிட்டால், வசிக்கும் நாட்டிலுள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்ற ரத்துப் பத்திரத்தைச் சென்னைக்கு அனுப்பலாம். அது இந்தியா வந்துசேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கான முத்திரைத் தீர்வையைச் செலுத்திவிட வேண்டும்.